ஒலிமானி பிடித்தவன்

ஞாயிறு காலை பத்தரை.
லங்காஷயர் மழைக்குத் தொடக்கமும் கிடையாது முடிவும் கிடையாது,
நடுப்பகுதி மட்டும்தான்.
ஏவுகணைக்கு மூக்குக் கூம்பு செய்கிற ஆலையின்
வடக்கு வாசலில் எனக்குக் காவல்.
கையில் ஒலிமானி.
எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டினால் கலைத்துவிடு
என்றிருந்தார் சார்ஜென்ட்.

அவர்கள் வந்தார்கள்
மடக்கு நாற்காலிகளோடு,
ரத்தான பேருந்து எப்படியும் வருமென்று நம்புகிறவர்கள் போல.
குவேக்கர்கள் பதினொரு பேர்.
மில் தெரு பள்ளிவாசலிலிருந்து நான்கு பேர்.
மெதடிஸ்ட் போதகர் டில்லிஸ் கிரிம்ஷா,
அவருடைய நனைந்த நாய்.
நாய் எந்தச் சபை என்று கேட்கவில்லை.

பதாகை ஒன்றே ஒன்று.
‘கொலை செய்யாதிருப்பாயாக.’
மழை அதைக் கடைசியிலிருந்து தின்றுகொண்டு வந்தது.
‘கொலை செய்’ என்று அது நின்றபோது
ஒரு பெண் பதறி எழுந்து
நான்காக மடித்து
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒன்றுமில்லை.
முழக்கமில்லை, பாட்டில்லை,
யாரும் எங்களைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் என் வேலை சுலபம்.

மானியைப் பார்த்தேன்: நாற்பத்தொன்று.
அது மழை.
கடற்பறவை ஒன்று கத்தியது: அறுபது.
யாருடைய செவிக்கருவியோ ஒருமுறை சீழ்க்கையடித்து
வெட்கப்பட்டு அடங்கியது.
ஷப்பீர் கயானி பிளாஸ்க் மூடியைத் திருகிய சத்தம்
மழையைக்கூடத் தாண்டவில்லை.

கயானியை எனக்குத் தெரியும்.
போன ஜனவரியில் எங்கள் வீட்டு பாய்லரைச் சரிசெய்தவர்.
குழந்தை தூங்குகிறது என்றதும்
சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டு தட்டினார்.
இன்று தேநீரை நீட்டினார்.
பணியில் இருக்கிறேன் என்றேன்.
நானும்தான், என்றார்.

ஐம்பதாவது நிமிடம்
பதாகைமேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.
‘இங்கே செய்வது எந்தத் தெருவில் போய் விழுமென்று எனக்குத் தெரியாது.
அந்தத் தெருவிலும் யாரோ
துணி காயப் போட்டிருப்பார்கள்.’
உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு டெசிபல்.
அவர்கள் வழக்கம் அப்படியாம்:
உள்ளே ஏதாவது அசைந்தால் எழுந்து சொல்லலாம்,
யாரும் பதில் சொல்லக் கூடாது.

என்னிடம் பதில் இருந்தது.
எண்ணூறு குடும்பம், வீட்டுக் கடன்,
மூன்றாம் கூடத்தில் கடைசல் பிடிக்கும் என் மைத்துனன் டேரன்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு லாரி வந்தது.
சார்ஜென்ட் ஒலிபெருக்கியை எடுத்தார்.
யாரும் எழவில்லை.
நாற்காலியோடு தூக்கினோம்.
‘முழங்காலை மடக்கித் தூக்கு தம்பி,
இல்லாவிட்டால் முதுகு போய்விடும்’ என்றார்
என் கைகளில் ஆடிக்கொண்டிருந்த கிரிம்ஷா.
அப்போதுதான் நாய் குரைத்தது.
எண்பத்தெட்டு!
‘எழுதிக்கொள், வரம்பு மீறல்’ என்றார் சார்ஜென்ட்.

படிவத்தில் ஒரு கட்டம்:
அதிகபட்ச ஒலி, எழுப்பியவர் பெயர்.
மானியின் நினைவில் நாய்க்கும் முன்னால்
தொண்ணூற்றாறு என்று ஒன்று இருந்தது.
நேரம் பதினொன்று ஐம்பத்தொன்பது.
ஒலிபெருக்கி.
கட்டம் சிறியது.
சார்ஜென்ட்டின் பெயர் நீளம்.
நெருக்கி எழுதினால் கொள்ளும்.

நெருக்கி எழுதினேன்.
பேனா தாளில் உரசியதே,
அது எத்தனை டெசிபல் இருந்திருக்கும்?
மானியை அதற்குள் ஒப்படைத்துவிட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு விடுப்பு.
மைத்துனன் வீட்டில் மதிய உணவு.
வறுத்த உருளைக்கிழங்குத் தட்டை நீட்டியபடி
அவன் என்ன பேசுவான் என்று தெரியும்.
நான் எதைப் பேசாமல் இருப்பேன் என்றுதான்
இன்னும் தெரியவில்லை.