முப்பத்தெட்டு விழுக்காடு

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்
உருளைக்கிழங்கு தோண்டப் பள்ளிகளுக்கு விடுமுறை.
கல்லூரிக்கு இல்லை.
என் மாணவர்கள் அறுவடை இயந்திரத்தின் மேலிருந்து
வாசிக்கிறார்கள்,
கைப்பேசித் திரையெங்கும் மண் ரேகை.

இலக்கியம் நூற்றியொன்று. இருபத்திரண்டு பேர்.
பொதுவில் திறந்துவைத்த கவிதையின் ஓரத்தில்
அவரவர் குறிப்பு எழுதவேண்டும்.
பெயர் சொல்லாமல் நுழைபவருக்கு
மென்பொருளே ஒரு விலங்கைச் சூட்டிவிடும்.
இரவு இரண்டரைக்கு ஒரு நீர்நாய்
நான்காம் வரியில் வந்து நிற்கும்.
ஒன்றும் எழுதாது.
இமைத்துக்கொண்டே இருக்கும்.
போய்விடும்.
நிற்பதற்கு மதிப்பெண் உண்டா என்று
பாடத்திட்டத்தில் இல்லை.

முதல் கட்டுரை: இங்கே இல்லாத ஒருவர்.
கொலெட் மிஷோ அனுப்பியதில்
திருட்டைப் பிடிக்கும் கருவி
முதல் இரு பத்தியைச் சிவப்பாக்கியது.
முப்பத்தெட்டு விழுக்காடு ஒத்துப்போகிறதாம்.
மூலம்: உள்ளூர் வாரப் பத்திரிகை,
சென்ற மார்ச், ஏழாம் பக்கம்.

கண்டிப்புக் கடிதத்தைப் பாதி அடித்துவிட்டுத்தான்
சொடுக்கிப் பார்த்தேன்.

மரண அறிவிப்பு.
ரெஜிஸ் மிஷோ, வயது இருபத்தாறு.
"விசிலடித்தால் நாய் மட்டுமல்ல
பக்கத்து வயல் டிராக்டரும் நிற்கும்.
கடன் கேட்டவருக்கு இல்லையென்றதில்லை.
கொடுத்தவர் திருப்பிக் கேட்டாலும் இல்லையென்றதில்லை,
நாளைக்கு என்பான்."

இரவு ஒன்பது மணி இடைவேளையில்
காணொளியில் வந்தாள்.
தலையில் வலைத்தொப்பி,
பின்னால் வறுவல் ஆலையின் ஓய்வறை,
யாரோ நாணயம் போட்டு இயந்திரத்தை உதைக்கும் சத்தம்.

யார் எழுதியது இது?

நான்தான், என்றாள். அண்ணன்.
சொல்லுக்கு இவ்வளவு என்று பத்திரிகையில் காசு.
நாளைக்கு என்பான் வரைக்கும்தான்
கையில் பணம் இருந்தது.
மிச்சத்தை உங்களுக்கு எழுதினேன்.

பிறகு அவளே கேட்டாள்:
மேற்கோள் காட்டாதது தப்புதான்.
எப்படிக் காட்டுவது?
எழுதியவர் பெயரை அவர்கள் போடவில்லையே.

நடைக்கையேட்டைப் புரட்டினேன்.
நேர்காணலுக்கு விதி இருந்தது,
வரைபடத்துக்கு, மின்னஞ்சலுக்கு,
சட்டமன்ற அறிக்கைக்குக்கூட.
குடும்பப் பெயரை முதலில் போடு என்றேன்.
மிஷோ, காற்புள்ளி, கொலெட்.
சொல்லும்போதே மணி அடித்தது.
திரையில் வெறும் நாற்காலி.

கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது,
'பொருட்படுத்த வேண்டாம்' என்று.
அழுத்தினேன். சிவப்பு போயிற்று.
போயிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அன்றும் இரண்டரைக்கு நீர்நாய் வந்தது.
நான்காம் வரி.
கொலெட்டாக இருக்கும் என்று
ஒரு நிமிடம் உறுதியாக நம்பினேன்.
ஆனால் அந்நேரம் அவள் வறுவல் வரிசையில்,
கைப்பேசி பெட்டிக்குள் பூட்டியிருக்கும்.

வேறு யாரோ.
பட்டியலை எடுத்துப் பெயர் பெயராக
வாசிக்கத் தொடங்கினேன்.