அண்ணன் முறை

யான்சன்வில் ஏலக் கொட்டிலுக்கு
விடியுமுன் வந்துவிட்டேன்.
ஏலக்காரன் நாக்கு சுழலத் தொடங்கிவிட்டால்
நம் கண் வேலை செய்யாது.

முப்பத்தொரு பொலிகிடாக்கள்.
எல்லாம் செந்தலை, வெள்ளுடம்பு,
குளிப்பாட்டிச் சீவி நிறுத்திய மாப்பிள்ளைகள்.
கொழுப்பு பொய் சொல்லும்.
மூன்று மாதம் மக்காச்சோளம் தின்றால்
நானும்கூட அகலமாய்த்தான் நிற்பேன்.

அதனால் பின்னாலிருந்து தொடங்கினேன்.
தொடைக்கும் தொடைக்கும் நடுவே வெளிச்சம் வருகிறதா,
கணுக்கால் தொய்கிறதா.
விதைப்பையை இரு கையால் ஏந்தி
நாடா சுற்றி
முப்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று
நோட்டில் எழுதினேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.
வீட்டில் நாற்பது பெட்டை நிற்கிறது.

காம்பு எண்ணினேன்.
கிடாவுக்கும் காம்பு உண்டு, பார்ப்பவர்தான் இல்லை.
ஒட்டிப்போன காம்பு
மகளின் மடியில் போய்க் குட்டியைப் பட்டினி போடும்.
ஆறு கிடா அங்கேயே கழிந்தது.
தாடை நீண்டவை இரண்டு.
ஸ்பெக்பூம் இலையைக் கிள்ளத் தெரியாத வாய்
வறட்சியில் எதைக் கிள்ளும்?

பதினேழாம் எண்ணில் நின்றுவிட்டேன்.
தோளும் முதுகும் சேருமிடத்தில் கை வைத்தால்
பள்ளம் இல்லை.
கீழ்ப்பல் மேலீறில் அளந்து உட்கார்ந்திருந்தது.
வாலடித் தோல் வெயிலுக்கு அஞ்சாத கறுப்பு.
ஒரு பெட்டை கடந்து போனது;
மேலுதட்டைச் சுருட்டி அவன் வானத்தைப் பார்த்தான்.
நான் பையிலிருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
பதினெட்டாயிரம் ராண்ட்.

“இவன் தாயைக் காட்டு.”
ஸ்ட்ரைடம் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.
லாரிக்குப் பின்னால் கட்டியிருந்தான் அவளை.
ஏழு வயது. ஐந்து ஈத்து, ஒன்பது குட்டி,
மடி இன்னும் வயிற்றோடு ஒட்டி.
இடது காதில் ஒரு வெட்டு,
ஓரம் கோணலாக.

என் கத்தி அது.
அந்தக் கோணல் என் கையின் கோணல்.
மகளின் பள்ளிச் சீருடைக்காக
விற்ற குட்டி.
அவள் அக்காள் தங்கைகளை நான் விற்கவில்லை;
அவற்றின் பெண்கள்தான்
என் நாற்பதில் பாதி.

எங்களில், தாயின் குலப்பெயர் பொருந்தினாலும் போதும்,
கல்யாண வீட்டில் இருவர் சேர்ந்து ஆடினால்
அத்தைமார் இருமுவார்கள்.
நானும் இருமினேன்.
“ஆகாது. அண்ணன் முறை.”

“நொலுபாபலோ, ஆட்டுக்கு ஏது அத்தை?”
என்றவன்
பதினைந்தாயிரத்துக்கு இறங்கினான்.
விலை ஏறியிருந்தால்
எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இருபத்து நான்காம் எண்ணை வாங்கினேன்.
கால்வினியாப் பக்கத்து ரத்தம்,
விலாவில் நடுவர்களுக்குப் பிடிக்காத ஒரு கறுப்புத் திட்டு,
மூக்கு கொஞ்சம் தட்டை.
கால் நன்று. காம்பு நன்று. யாருக்கும் உறவில்லை.
தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு
வண்டியில் ஏறினான்.

கிளம்புமுன் அவளிடம் போனேன்.
விரலை முகர்ந்தாள்.
உப்பு இல்லை என்றதும்
வைக்கோலுக்குத் திரும்பிவிட்டாள்.

பதினேழை யார் வாங்கினார்கள் என்று கேட்கவில்லை.
பொய். கேட்டேன்.
கோமானிப் பக்கத்து ஆளாம்.
நல்லது.
தூரம்.