கரைந்த உயிர்வளி

ஆற்றில் மூச்சு எவ்வளவு மிச்சமென்று
ஆற்றங்கரையிலேயே பிடித்துவிட வேண்டும்.
ஆபீசுக்குக் கொண்டுபோவதற்குள் மாறிவிடும்.
ஆகவே என் பையில்
இரண்டு மருந்துப் புட்டி, கையுறை, படிவம்.
முப்பிடாதி அண்ணன் ஓட்டும் ஜீப்பில்
மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் பெட்டி.

முதல் மருந்தும் இரண்டாம் மருந்தும் விட்டு
மூடி, தலைகீழாய்க் கவிழ்த்தால்
தண்ணீர் திரியும்.
பழுப்பாய்த் திரிந்தால் மூச்சு இருக்கிறது.
வெள்ளையாய்த் திரிந்தால் இல்லை.
பயிற்சித் தேர்வில் இதை மாற்றி எழுதி
மூன்று மதிப்பெண் இழந்தேன்.
வெள்ளையைச் சந்தேகிக்க
அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

பாபநாசத்தில் காலை ஆறரை.
யாரோ கழற்றி விட்டுப்போன சேலை
பாறையைச் சுற்றிக்கொண்டு
இன்னும் அவள் உள்ளே இருப்பதுபோல் அசைந்தது.
முந்தானையில் சிக்கிய கெண்டைக் குஞ்சை
அண்ணன் எடுத்துவிட்டார்.
"பாவத்த இங்கன விட்டுட்டுப் போயிருதாவ.
அது எங்கன போவும்?
நாம போற வழிதான்."
புட்டியில் கருப்பட்டிக் காப்பி நிறம்.
நல்லது, எழுதிக்கொண்டேன்.

சேரன்மாதேவியில் காப்பியில் பால் கூடியிருந்தது.
வாழைக்கு அடித்த மருந்தின் வாடை
வாய்க்காலோடு வந்து
படித்துறையில் உட்கார்ந்திருந்தது.

வண்ணார்பேட்டை.
பாலத்துக்குக் கீழே, சாக்கடை விழும் இடத்துக்கு
ஐம்பதடி தள்ளி
அமலைச்செடி ஊதாவாய்ப் பூத்துக் கிடக்கிறது
கல்யாண வீட்டு வாசல் மாதிரி.
கவிழ்த்தேன்.
வெள்ளை.
ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் வெள்ளை.

இடுப்பளவு நீரில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.
"பால் மாதிரில்லா இருக்கு. நல்ல தண்ணிதானம்மா?"
இல்லையென்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.
கோமதிநாயகம், டவுன் பாத்திரக்கடையில் கணக்கு.
கெண்டைக்காலில் ஒரு வருஷமாய் ஆறாத சொறி.
"வீட்டுக் குழாய்ல நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது.
நான் எங்கன போயி குளிக்க?"
அதற்கு என் பையில் மருந்தில்லை.
ஒரு கை அள்ளி வாய் கொப்பளித்து
கிழக்கே துப்பிவிட்டு மூழ்கினார்.
படிவத்தில் 'பயன்பாடு' என்ற கட்டத்தில்
குளியல் என்று எழுதினேன்.

அப்போதுதான் எதிர்க்கரைக் கோரையில்
ஒரு நீர்நாய் தலை தூக்கியது.
வாயில் முள்ளும் ஓடுமாய் ஒரு கறுப்பு மீன்,
யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலோ
அழுக்குத் தின்று வளர்ந்து, அலுத்துப்போய்
ஆற்றில் விடப்பட்டது.
கடித்தது. துப்பியது. மறுபடி கடித்தது.
வேறு கிடைக்கவில்லை போல.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

சாயங்காலம் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
மகள் பூரணிக்கு மூன்றாம் நாள் டிரிப்ஸ்.
நர்ஸ் சோதனைத் தாளை வாசித்தாள்: ஈ கோலி.
"ஈ எதுக்கும்மா கோலி விளையாடுது?"
வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.
என் பைக்குள் போன வாரத்து ஆற்று அறிக்கை.
அதே பெயர்,
எண் மட்டும் பெரிது.

குடிப்பது கேன் தண்ணீர்தான்.
பல் தேய்ப்பது, தட்டு கழுவுவது,
தக்காளி அலசுவதெல்லாம் குழாயில்.
எல்லாம் தெரிந்த நான்தான் அலசினேன்.
எதிலிருந்து வந்ததென்று டாக்டர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டால் விடை
என் கையெழுத்திலேயே இருந்துவிடுமோ என்று.

பழக்கதோஷம், டிரிப்ஸ் சொட்டுவதை எண்ணுகிறேன்.
ஆய்வகத்தில் நீலம் மறையும் சொட்டோடு
நிறுத்திவிட்டால் போதும்,
ஆற்றின் மூச்சு ஓர் எண்ணாகிவிடும்.
இதில் எந்தச் சொட்டோடு நிறுத்துவது?
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதின்மூன்று.

பூரணி கண் விழித்து
தாகமா இருக்கு என்றாள்.