பகுதி ஏழு: நடந்ததை விவரிக்கவும்

படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும்தான் பெரியது.
மற்றதெல்லாம் சின்னச் சின்ன அறைகள்:
வண்டி எண், உரிமம், வானிலை,
சாலை ஈரமா உலர்ந்ததா.

அம்கேனி சாலையில் ஆறாவது மாடி.
பத்தொன்பது வருடமாக
டர்பனின் நசுங்கிய கார்களைப் படித்து வருகிறேன்.
எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்:
ஒரு நிமிடம் முந்திக் கிளம்பியிருந்தால்.
சிலர் பிந்தி என்பார்கள்.
அந்த ஒரு நிமிடத்துக்குக் காப்பீடு கிடையாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.
சரி,
தலை போய்த் தலைப்பாகை மட்டும்
நடுத்தெருவில் கிடக்கிற உலகம்
எந்தப் பக்கம் இருக்கிறது?
அங்கேயும் ஒருத்தி ஆறாவது மாடியில்
முத்திரை குத்திக்கொண்டிருக்கிறாளா?

புதன்கிழமை வந்த படிவம்.
பெயர்: தெய்வநாயகம் கிஸ்தன்.
இடம்: ஹிக்கின்சன் நெடுஞ்சாலை, சாட்ஸ்வர்த்.
போலீஸ் அறிக்கை தனித்தாளில்:
லாரி. இடப்பக்கக் கதவு.
பயணி, பெண், அறுபத்திரண்டு.

பகுதி ஏழில் அவர் எழுதியிருந்தது:
"மூன்றாம் யூனிட் பேக்கரியில்
கோகிலம் இறங்கிக்கொண்டாள்.
ரொட்டி இன்னும் அடுப்பில் என்றார்கள்.
நீங்கள் போங்கள், பஸ்ஸில் வருகிறேன் என்றாள்.
நான் தனியாகத்தான் போனேன்.
வேறொன்றும் நடக்கவில்லை."

பொய்யுரை என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவை அதன் மேல் கொண்டுபோனபோது
மின்சாரம் போயிற்று.
எங்கள் தொகுதிக்கு ஆறு முதல் எட்டரை.
ஜன்னலுக்கு வெளியே பெரியா குன்று
எதுவும் ஆகாததுபோல் எரிந்தது.
அங்கே யாரோ சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள்.
ஒரே ஊர், ஒரே மணி,
அட்டவணைதான் வேறு.

நொம்புமெலேலோ கைபேசி வெளிச்சத்தில் சொன்னாள்,
டாக்சி வானொலியில் கேட்டாளாம்:
பத்தோ பதினொன்றோ பரிமாணமாம்,
நமக்குத் தெரியாதவை
மிகச் சிறிதாய்ச் சுருண்டு கிடக்கின்றனவாம்.
"என் சம்பளம் அங்கேதான் போகிறது போல."

உண்டு என்று நான் சொல்லவில்லை.
கணக்கு இடம் கொடுக்கிறதாம்.
கணக்கு எனக்கும் எத்தனையோ மாதம்
இடம் கொடுத்திருக்கிறது,
பணம்தான் இருந்ததில்லை.

ஆனால் இந்த ஊருக்கு அது புதிதா என்ன.
என் சிறுவயதில்
ஒரே கடலைப் பலகை நட்டுப் பிரித்திருந்தார்கள்.
ஒரே அலைதான்,
அவர்கள் காலை நனைத்துவிட்டு
எங்கள் காலுக்கு வரும்.
பலகைக்கு அப்பால் குளித்த பிள்ளைகளை
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அவர்கள் என்னைப் பார்த்ததாக நினைவில்லை.

கிஸ்தன் படிவத்தை மூன்றாய் மடித்து அனுப்பியிருந்தார்.
இருட்டில் அதே மடிப்பில் மடித்தேன்.
விபத்து நாள் என்ற கட்டம்
கையெழுத்தின் மேல் போய்ப் படிந்தது.
விரித்தால் ஒரு சாண்.
மடித்தால் தூரமே இல்லை.
மை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பகுதி எட்டு: வரைபடம்.
அதை வெறுமையாய் விட்டிருந்தார்; வரைவது என் வேலை.
சாலைக்கு இரண்டு கோடு.
கார் ஒரு செவ்வகம், லாரி பெரிய செவ்வகம்,
வடக்கே ஓர் அம்பு.
பிறகு, ஓரத்தில், தாளின் விளிம்பை ஒட்டி,
ஒரு சின்னச் சதுரம், அதற்கொரு கதவு,
கதவுக்கு வெளியே குச்சிக் கைகால்களோடு ஒருத்தி.
கீழே எப்போதும்போல் அச்சிட்டிருந்தது:
அளவுகள் துல்லியமானவை அல்ல.

கதவுக்கும் பானெட்டுக்கும் தொகை எழுதினேன்.
பொய்யுரைக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.
இதற்கு என் வேலை போகலாம்;
போயிருக்கவும் கூடும், எங்கேயோ.

எட்டரைக்கு எங்களுக்கு வந்தது,
பெரியா அணைந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில்
மூன்றாம் யூனிட் அருகே வேகத்தைக் குறைத்தேன்.
பேக்கரி பூட்டியிருந்தது.
பஸ் நிறுத்தத்தில் யாரோ நின்றிருந்தார்கள்.
பைக்குள் சூடாக ஏதோ இருந்திருக்க வேண்டும்,
கையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.