நிகர அளவு

ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும்.
ஒன்பது பத்துக்கு
தெய்வசிகாமணி சாரிடமிருந்து ஓடிபி வரும்,
பின்னாலேயே ஒரு வரி: "சாவி போட்டாச்சா?"
டோக்கன் தினமும் விடியலில் செத்துப்போகும்.
நேற்றைய டோக்கன், அவர் கணக்கில்,
நேற்றைய பால் பாக்கெட்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில்
கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
சார்ட்டைப் பார்த்தால் கை அரிக்கிறதாம்.
"படம் வேணாம்மா.
என் பேர்ல என்ன நிக்குது, அதை மட்டும் சொல்லு."
அதற்கு நான் எழுதிய நிரல் நாற்பத்தோரு வரி.
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம்
மும்பையில் எங்கோ ஒரு சர்வரைத் தட்டி
இவர் நிலை என்ன என்று கேட்கும்.
வாங்காது, விற்காது.
கேட்கும், அவர் போனுக்குச் சொல்லும், தூங்கும்.

வண்டிப்பாளையம் சாலையில்
டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே என் அறை.
கீழே ரப்பர் வேகும்.
தெற்குக் காற்றடித்தால் சிப்காட்டும் சேர்ந்துகொள்ளும்.
அந்த வாசனையில்தான் முதல்முறை
அளவு என்ற இடத்தில்
மைனஸ் எழுபத்தைந்தைப் பார்த்தேன்.
என் பிழை என்று நினைத்து
ராத்திரி பதினொன்றரை வரை தேடினேன்.
பிழையில்லை.
இல்லாததை விற்றிருக்கிறார் மனிதர்.
விற்றதை இனிமேல்தான் வாங்க வேண்டும்.
அதற்கும் நிலை என்றுதான் பெயர்.

ஐப்பசிக் கடைசியில்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
தேவனாம்பட்டினத்தில்
படகுகள் சாலைவரை ஏறி நின்றன.
சர்வர் வந்து வந்து போனது.
பதில் வராவிட்டால்
பழைய எண்ணை அனுப்பாதே,
தெரியவில்லை என்று அனுப்பு:
இது நான் யோசித்து எழுதிய வரி,
நேர்மையான வரி என்று
கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.
அன்று பதினேழு முறை
அவருக்குத் தெரியவில்லை போனது.

இரண்டு இருபதுக்கு லைன் கிடைத்தபோது
மைனஸ் எழுபத்தைந்து
மைனஸ் அறுநூறாகியிருந்தது.
எங்கோ ஒரு திரையில்
படத்தைத் திறந்திருக்கிறார்.
கை அரித்திருக்கிறது.

மூன்று மணிக்குப் படியேறி வந்தது அவரில்லை.
சுலோசனா அம்மா.
குடையை மடக்கவும் மறந்து
வாசலில் நின்று கேட்டார்:
"அவர் பேர்ல என்னம்மா நிக்குது?"

கேட்க அவரிடம் டோக்கன் இல்லை.
முப்பத்தோரு வருஷம் இருந்தது,
முந்தானையில் முடிந்த ஒரு அடகுக்கடை ரசீது இருந்தது.
"சார்கிட்டயே கேளுங்கம்மா."
"கேட்டேன்.
உன் மெசேஜைத்தான் காட்டினார்.
பதினேழு தெரியவில்லை."

நான் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.
அணைக்கவும் இல்லை.
தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன்.
ஒரு சொம்பு நிரம்ப
எவ்வளவு நேரமாகுமோ
அதைவிடக் கூடுதலாகவே நின்றேன்.
மாடித் தகரத்தில் மழை,
கீழே யாரோ டயரை உருட்டிப் போட்டார்கள்.

வந்தபோது மூன்று இருபத்தைந்து.
மார்ஜின் போதாமல்
தரகு நிறுவனமே எல்லாவற்றையும் மூடியிருந்தது.
மூடிய நிலை உடனே மறையாது,
ராத்திரிவரை பட்டியலில் கிடக்கும்.
அளவு என்ற இடத்தில்
சுலோசனா அம்மாவின் ஈர விரல் இருந்தது.

"பூச்சியம்னு இருக்கு.
பூச்சியம்னா ஒண்ணுமில்லதானே?"

திரை முடிகிற இடத்துக்கு வலப்பக்கம்
இன்னொரு பத்தி இருந்தது.
சொம்பைக் கீழே வைத்துவிட்டு
மவுஸின் மேல் கை வைத்தேன்.