ஒருவர் குறைந்தால் என்ன

போன ஆண்டு பிஸ்மார்க்கில், கூட்டம் முடிகிற நேரத்தில்
"அடுத்த மாநாட்டை யார் நடத்துவது?" என்று கேட்டார்கள்.
நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
நிமிர்வதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

மைனாட், வடக்கு டகோட்டா.
இங்கே மெய்யியல் துறை என்றால்
நான், எதிர் அறையில் டோலஃப்ஸ்ருட்,
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு ஸ்டேப்ளர்.

பதினோரு மாதம்.
எழுபது கட்டுரைச் சுருக்கங்கள். பாதி, சுருக்கமே அல்ல.
"இன்மை குறித்து" என்று ஒன்று
இணைப்பு இல்லாமல் வந்து சேர்ந்தது.
அதை ஏற்பதா என்று டோலஃப்ஸ்ருட்
ஒரு வாரம் நிஜமாகவே யோசித்தார்.
மனிதனுக்குத் தேர்வு உண்டு என்று வாதிடுபவருக்குக்
காலை எட்டரை மணி. வேறு நேரம் இல்லை.

சாப்பாட்டுக்காரர்களின் ஒப்பந்தம்:
வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும்.
சொன்ன பிறகு கூட்டலாம், கழிக்க முடியாது.
நாற்பத்தேழு என்றேன்.

பன்னிரண்டே காலுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை.

முதல் மின்னஞ்சல் ஃபார்கோவிலிருந்து.
ஒருவர்தானே. நாற்பத்தாறு பேர் கூடினால் மாநாடு இல்லையா?
அடுத்தது ஜேம்ஸ்டவுன், நெடுஞ்சாலையை மூடிவிட்டார்களாம்.
நாற்பத்தைந்து. மாநாடுதான்.
வின்னிபெக்கில் கிளம்பிய இருவர்
எல்லைச் சாவடியோடு திரும்பினார்கள்.
மாநாடுதான்.

எங்கள் தொழிலில் இது பழைய புதிர்.
மணல் குவியலிலிருந்து ஒரு மணியை எடு, குவியல்தான்.
இன்னொன்றை எடு, குவியல்தான்.
எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகிறது?
பதினாறு வருடம் இதைச் சொல்லி
வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.
வெள்ளி இரவு ஒன்பதரைக்கு, இருபத்தெட்டில்,
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாருமே ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருந்தார்கள்:
"நான் ஒருவன் வராததால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது."
"நான் ஒருத்தி வராததால்."
தனித்தனியே உண்மை.
இத்தனை உண்மைகளைக் கூட்டினால்
பொய் எப்படி வருகிறது?

சனிக்கிழமை.
வாகன நிறுத்தத்தில் பனியை அள்ளி
மாடி உயரத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள்.
அது குவியல், சந்தேகமே இல்லை.
மே கடைசிவரை மூலையில் கறுத்துக் கிடக்கும்.
எந்த நாளில் இல்லாமல் போனதென்று
ஒரு வருடமும் நான் பார்த்ததில்லை.

இருநூற்று எட்டாம் அறையில் ஒன்பது பேர்,
காபிக்காக எட்டிப்பார்த்த
கணிதத்துறை லோவெல் ஃபெட்டிங்கையும் சேர்த்தால்.

டர்டில் மவுண்டனிலிருந்து டெல்ஃபின் அஸூர்
புயலுக்கு முன்பே கிளம்பி, அத்தை மகள் வீட்டுச் சோபாவில்
இரண்டு இரவு படுத்திருந்து வந்திருந்தாள்.
கடன் தீர்ந்த பின்னும் நன்றி மிச்சம் இருக்குமா,
அதுதான் கட்டுரை.
மறுத்துப் பேச வேண்டியவர் ஃபார்கோவில்.
அவர் அனுப்பிய தாளை நான் வாசித்தேன்.
அவருடைய மூன்று ஆட்சேபங்கள், என் குரலில்.

டெல்ஃபின் கோபமாக எனக்குப் பதில் சொன்னாள்.
முதல் இரண்டுக்கும் "அவரிடம் சொல்கிறேன்" என்றேன்.
மூன்றாவதில் தாளைக் கீழே வைத்துவிட்டு
நானே சண்டை போட ஆரம்பித்தேன்.
அடுத்த இரண்டு பேச்சாளர்களும் வரவில்லை;
எங்களை நிறுத்த யாருமில்லை.
"ஐந்து நிமிடம்" என்று எழுதிய அட்டை
கடைசிவரை என் பையிலேயே இருந்தது.
ஃபெட்டிங்கின் காபி ஆறி, ஆடை கட்டியிருந்தது.

பகலில் நாற்பத்தேழு பெட்டிகள், வான்கோழியும் பன்றியும்.
பனி அள்ளும் வண்டிக்காரர்களுக்கு எட்டு.
விடுதிப் பையன்கள் வந்து பதினைந்து.
டோலஃப்ஸ்ருட் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார்,
தள்ளி நின்று பார்த்தார்,
"குவியல்தான்" என்றார்.

டீன் அலுவலகப் படிவம்.
பங்கேற்றோர் எண்ணிக்கை: ஒன்பது என்று எழுதினேன்.
அவர் தோளுக்கு மேலாகப் படித்து,
உன்னைச் சேர்த்தா, சேர்க்காமலா என்றார்.
நாற்பத்தேழு பெயரட்டை வெட்டியவள்
எனக்கு ஒன்று வெட்டியிருக்கவில்லை.

நாலு மணிக்கு, கடைசி அலுவல்:
அடுத்த ஆண்டு யார்?
அறை முழுவதும் குனிந்து
பூட்ஸ் கயிற்றைத் தேடியது.
டெல்ஃபினின் பூட்ஸில் கயிறு இல்லை,
ஜிப்.