குறிப்புரைப் பத்தி

எழுபத்தெட்டாம் ஆண்டின் வானிலைப் பதிவேட்டில்
கடைசிப் பத்தி ஒடுக்கமானது.
"இடி கேட்டது", "பனிமூட்டம்", "இல்லை".
இவ்வளவுக்குத்தான் இடம்.
அதற்குள் பென்சிலால்
உலகத்தை எழுதிவந்தேன்.

ஜூலை. மழை இல்லை. கச்சான் காற்று.
புளூட்டோவுக்கு ஒரு சந்திரன் உண்டாம்.
படத்தகட்டில் கோளின் ஓரம் புடைத்திருக்க
பழுது என்று ஒதுக்கினார்களாம்.
ஒருவர் பழைய தகடுகளைக் கிளறினாராம்:
அவற்றிலும் அதே புடைப்பு,
இடம் மாறி.

அதே மாதம் கண்ணாடிக் கிண்ணத்தில் கருவான பிள்ளை அழுதது.
"காய்ச்சல் வந்தா அதுக்கும் தாய்தான் முழிக்கணும்" என்றார் அலியார்.
அதையும் எழுதினேன்.

செப்டம்பரில் பெரியம்மையால் ஒருத்தி இறந்தாள்.
கடைசியா? கேள்விக்குறி போட்டேன்.

ஒக்டோபர் பத்து.
கடல்மேல் வீசும் காற்றை
விண்ணிலிருந்து அளந்த செய்மதி
நூற்றைந்து நாளில் மின்சுற்று எரிந்து ஊமையானது.
எனக்கென்ன?
எங்கள் கம்பத்தில் மூன்று கிண்ணங்கள்
சுழன்றுகொண்டுதானே இருந்தன.

மறுகா அந்த நவம்பர் வியாழன்.

கிண்ணங்கள் எப்போது பறந்தன, தெரியாது.
கதவுக்கு நான் முதுகைக் கொடுத்தேன்,
என் நெஞ்சுக்கு அலியார் மேசையைக் கொடுத்தார்.
அமுக்கமானியின் பேனா மட்டும்
வேலையை விடவில்லை.
கீழே, இன்னும் கீழே,
கோடு அச்சிடாத வெள்ளைக்கும் கீழே,
உருளையின் வெறும் தகரத்தில்.

பிறகு கொஞ்சநேரம் காற்று நின்றது.
இருட்டுக்குள் யாரோ
பா பா பா என்று கோழிகளைக் கூப்பிட்டார்கள்.
பிறகு மற்றப் பக்கத்தால் வந்தது.

விடிந்தபோது ஜன்னலில் கடல் தெரிந்தது.
ஒருநாளும் தெரிந்ததில்லை.
நடுவில் நின்ற தென்னைகள் படுத்திருந்தன,
எல்லாம் ஒரே திசைக்கு.

டிசம்பரில் கொழும்பிலிருந்து
பரிசோதகர் பேரின்பநாதன்.
கூரையில்லாத அறையில் நின்று
தாளைத் தூக்கிப் பிடித்தார்.
"பேனா வழுக்கியிருக்குது.
கருவிப் பழுது என்று போடும்."
"ஐயா, புளூட்டோவின் ஓரத்தையும் முதலில்..."
தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அலியார் சைக்கிளை எடுத்தார்.
பின்னேரம் ஒரு கொப்பித்தாளோடு வந்தார்:
புளியந்தீவில் ஒரு பாதிரியார்
தன் சுவர் அமுக்கமானியை
மெழுகுதிரி பிடித்துப் பார்த்து எழுதியது.
அதிலும் அதே பள்ளம்,
இருபது நிமிடம் தள்ளி.

பரிசோதகர் ஒப்பமிட்டார். தேநீர் கேட்டார்.

காற்றின் வேகம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
குறிப்புரையில், அந்த ஆண்டில் முதல்முறை
மையால் எழுதினேன்:
"கோழி கூப்பிடும் சத்தம் கேட்டது."